முன்னுக்குப் பின் ஒரு கூரை

புயல் அடித்த மறுநாளே யாராவது வந்து கூரை போட்டுக் கொடுத்திருந்தால் அந்த வாரியம் பிறந்தே இருக்காது. இது வாரியத்துக்கும் தெரியும். அதனால்தான் பிறப்பதற்கு முன் அது மூன்று மழைக்காலம் பொறுமையாகக் காத்திருந்தது. பாதிப்பு வேறு, நீடித்த பாதிப்பு வேறு. கூரை பறந்தால் பாதிப்பு. பறந்தது பறந்தபடியே இருந்தால்தான் நீடித்த பாதிப்பு. அவசரப்பட்டு உதவி செய்து அந்த நீடிப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்பதில் மேலிடம் மிகவும் கவனமாக இருந்தது.

முழுப் பெயர் ‘சூறாவளி நீடித்த விளைவுகள் நிழற்பட ஆவண வாரியம்’. கடலோரக் குடியிருப்பில் இதை ஒரே மூச்சில் சொல்ல யாருக்கும் தெம்பில்லாததால் ‘படவாரியம்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். புயலில் ஒரு ஓடுகூட நகராத கல் கட்டடத்தில் அது இயங்கியது. வாசலில் ‘பார்ப்பதே பாதி உதவி’ என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. மீதிப் பாதி எங்கே கிடைக்கும் என்று கேட்ட ஒருவரைக் காவலாளி சந்தேகத்தின் பேரில் ஓரமாக உட்கார வைத்திருந்தார்.

கடைத்தெருவில் பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோ, இந்த வாரியத்தில் படம் எடுக்கும் வேலைக்குப் போனான். அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கடைக்கும் ஒரு பெயர் இருந்தது. கடையின் பெயர்ப்பலகை புயலோடு போன பிறகு கடையும் ஸ்டுடியோ, அவனும் ஸ்டுடியோ. எந்த முகத்தையும் இருக்கிறபடி அவன் வெளியே அனுப்பியதில்லை. பரு, மரு, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் கணினியில் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பான். ‘உள்ளதை உள்ளபடி குடுத்தா எவன் வாங்குவான்’ என்பது அவனுடைய தொழில் தர்மம்.

அவன் வாரியத்துக்குப் போனது அக்காவுக்காக. அக்கா கடலை ஒட்டிய கடைசி வரிசையில் இருந்தாள். அத்தான் வேலை தேடிக் கப்பலேறியவர். அவ்வப்போது போனில் குரல் வரும், ஆள் வருவதில்லை. துணிக்கடை ஒன்றுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து அக்கா காலத்தை ஓட்டினாள். கூரை இருந்த இடத்தில் வாரியம் இரவலாகக் கொடுத்த நீலத் தார்ப்பாய் கிடந்தது. அதுவும் பல்லிளிக்கத் தொடங்கியிருந்தது. மழை பெய்தால் தையல் மிஷினை மூலைக்கு மூலை தள்ளிக்கொண்டு திரிவாள். போன மழையில் ஒரு கட்டுத் துணி நனைந்து சாயம் இறங்கியதும், “இன்னொரு தடவை நனைஞ்சுதுன்னா துணி வேற ஆளுக்குப் போயிடும்” என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அடுத்த மழைக்காலமோ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

எந்த வீட்டின் படம் வாரியத்தில் தேறுகிறதோ அந்த வீட்டுக்குப் புதுக்கூரை என்று அறிவித்திருந்தார்கள். ஸ்டுடியோ அதை நம்பினான். அக்கா நம்பவில்லை.

“படம் எடுத்தா கூரை வருமா? பாம்புகூடத்தான் படம் எடுக்குது. வந்து கூரையா போட்டுட்டுப் போவுது?” என்றாள்.

வாரியத்தின் இயக்குநர் மென்மையான மனிதர். சோகமான விஷயங்களைப் பேசும்போது கண்ணாடியைக் கழற்றுவார்; பேசி முடித்ததும் போட்டுக்கொள்வார். அவருக்குப் பின்னால் இடிந்த வீடுகளின் படங்கள் தங்க நிறச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கின.

“கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர்னு சொன்னாங்க. சந்தோஷத்தையே பாத்துப் பழகின கை. பரவாயில்ல, போகப் போகச் சரியாயிடும்” என்றார். “இங்க ஒரே விதிதான். படத்துல ஏழைங்க தெரியணும். ஏழ்மை தெரியக் கூடாது.”

“ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

“எப்படி ஒண்ணாகும்? ஏழ்மை வேற துறை. நாலாவது மாடி. நாம அதுல கை வெச்சா கோவிச்சுக்குவாங்க. புயல் செஞ்சது மட்டும்தான் நம்ம எல்லை. புயலே வராட்டியும் அவங்க எப்படி இருந்திருப்பாங்களோ, அதெல்லாம் படத்துல விழாம கொஞ்சம் ஒதுக்கி எடுங்க.”

“எடுத்தா அவங்களுக்கு என்ன சார் கிடைக்கும்?”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். “கவனம் கிடைக்கும்.”

“கூரை?”

“கவனம் முத்தினா கூரையாகும்” என்று சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

ஸ்டுடியோ எடுத்த படங்கள் முதலில் போகவேண்டிய இடம் ஐயம் தீர்க்கும் பிரிவு. அங்கே போன ஐயம் எதுவும் தீர்ந்து திரும்பியதில்லை என்பதால் மக்கள் அதைச் சந்தேகப் பிரிவு என்றார்கள். சுவரில் ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ‘தீர விசாரிப்பதே மெய்’ என்கிற மீதி, சுவரில் இடம் போதாமல் விடுபட்டிருந்தது. பிரிவின் தலைவியைப் பூதக்கண்ணாடி மேடம் என்பார்கள். பூதக்கண்ணாடி கழுத்தில் தொங்காத நேரத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை.

“நான் சந்தேகப்படுறது வெறுப்புல இல்ல. அது ஒரு நேர்மை. எங்க வீட்டுக்காரர் சாப்ட்டேன்னு சொன்னாக்கூட, தட்டைப் பாத்துட்டுத்தான் நம்புவேன்” என்றார் மேடம்.

முதல் படத்தில் வலை பின்னும் பெரியவர் ஒருவர், மேற்கூரையில்லாத வீட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். மேடம் பூதக்கண்ணாடியை அவர் வாயருகே கொண்டுபோனார்.

“இவர் சிரிக்கிறாரே.”

ஸ்டுடியோ நாக்கைக் கடித்துக்கொண்டான். கேமராவைக் கண்ணில் வைத்ததும் ‘லேசா சிரிங்க’ என்று தன்னையறியாமல் வந்துவிடுகிறது. பெரியவரும் பாவம், சொன்னதற்காகச் சிரித்துவிட்டார்.

“விளைவு நீடிச்சிருந்தா சிரிப்பு எப்படி வரும்? போகட்டும், இந்தச் சுவத்துல ஒரு ஓட்டை. இது புயல் ஓட்டையா, ஏழை ஓட்டையா?”

“ஓட்டைதான் மேடம்.”

“அப்படிப் பொத்தாம் பொதுவா சொல்லக் கூடாது. புயல் ஓட்டைன்னா காத்து வந்த திசையைப் பாத்து இருக்கும். ஏழை ஓட்டைக்குத் திசையே கிடையாது, எங்க வேணா இருக்கும். அடுத்த படத்துல இந்தம்மா துணி ஏன் இவ்வளவு சுத்தமா இருக்கு? இந்த ஆடு ஏன் கொழுத்திருக்கு?”

“அது சினை ஆடு மேடம்.”

“புயலுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

ஸ்டுடியோ மறுபடி கேமராவோடு போனான். அவன் வருகிறான் என்று தெரிந்ததும் குடியிருப்பு பரபரத்தது. ஆட்டை மறைத்தார்கள். துவைத்து வைத்திருந்த துணியை மடித்துவிட்டு அழுக்குத் துணியை உடுத்திக்கொண்டார்கள். தெருவில் நல்ல நிலையில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அது இருந்தால் தேறாது என்று முதல் வீட்டுக்காரர் அடுத்த வீட்டில் போட்டார். அங்கே படம் எடுக்கும்போது அது அதற்கடுத்த வீட்டுக்குப் போனது. எங்கே போனாலும் எப்படியோ ஏதோ ஒரு படத்தின் மூலையில் அதன் கால் விழுந்துவிட்டது. எல்லா வீட்டிலும் நாற்காலி இருப்பதாகச் சந்தேகப் பிரிவு குறித்துக்கொண்டது.

ஸ்டுடியோ இப்போது “லேசா அழுங்க” என்று சொல்லப் பழகியிருந்தான்.

“எதுக்கு அழணும்? அழவேண்டியதெல்லாம் அன்னிக்கே அழுதாச்சு” என்றார் வலைக்காரப் பெரியவர்.

“சும்மா படத்துக்குங்க பெரியவரே.”

“நீ சிரின்னு சொன்ன, சிரிச்சேன். கூரை வரல. இப்போ அழுன்னு சொல்ற. நாளைக்குத் தலைகீழா நிக்கச் சொல்வியா? வாரியத்துல உனக்கு என்ன தர்றாங்கன்னு முதல்ல சொல்லு.”

சந்தேகம் சளி மாதிரி, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும். வாரியம் மக்களைச் சந்தேகப்பட்டது. மக்கள் ஸ்டுடியோவைச் சந்தேகப்பட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி நிஜமாகவே தேம்பி அழுத படம் ‘நடிப்பு’ என்று திரும்பி வந்ததும், ஸ்டுடியோவே அவளைக் கொஞ்சம் சந்தேகப்பட்டான். பிறகு அதை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அக்கா வீட்டை மட்டும் அவன் பார்த்துப் பார்த்து எடுத்தான். பிளந்த சுவர், சுவரில் தண்ணீர் நின்ற கறை, மேலே பல்லிளித்த தார்ப்பாய், கீழே ஈரம் படாமல் பலகைமேல் ஏற்றி வைத்த தையல் மிஷின். அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எப்போதும் போல அவனை முறைத்துக்கொண்டு நின்றாள். மேடம் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். குற்றம் அகப்படாததில் அவருக்கு வருத்தம்.

“படம் சரிதான். ஆனா இது பின் படம். முன் படம் எங்க?”

“முன் படம்னா?”

“புயலுக்கு முன்னால இந்த வீடு எப்படி இருந்துச்சுன்னு காட்டுற படம். கூரைன்னு ஒண்ணு இருந்ததுக்கே ஆதாரம் இல்லையே. பொறந்ததிலேர்ந்து இவங்க கூரையில்லாமலே இருந்திருக்கலாம் இல்லையா?”

வீட்டோடு சேர்த்து வீட்டிலிருந்த படங்களும் போய்விட்டன என்று ஸ்டுடியோ சொல்லிப் பார்த்தான். விஷயம் இயக்குநரிடம் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார்.

“தம்பி, முன் படம் இல்லேன்னா என்ன? இப்போ ஒண்ணு தயார் பண்ணுங்க. பொய்யா பண்ணச் சொல்லல. அந்த வீடு எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணுங்க. உங்ககிட்டதான் கம்ப்யூட்டர் இருக்கே. உண்மைக்கு ஆதாரம் இல்லாதப்போ, ஆதாரத்தை நாமதான் உண்மையா தயாரிக்கணும்.”

ஸ்டுடியோ கடைக்கு வந்து கணினி முன் உட்கார்ந்தான். இது அவனுக்குத் தெரிந்த வேலை. முதலில் தார்ப்பாயைத் துடைத்தான். கூரைக்கு ஒரு பழைய கல்யாண ஆல்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டின் சிவப்பு ஓட்டுக் கூரையை வெட்டியெடுத்து வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. சுவர் பிளவு பருவைப் போலப் போனது. தண்ணீர்க் கறை கருவளையத்தைப் போலப் போனது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. சுவருக்கு வெள்ளை பூசி, வாசலில் ஒரு பூந்தொட்டியையும் வைத்தான். அக்கா முகத்தையும் விடவில்லை. முறைப்பைத் துடைத்துவிட்டு உதட்டோரத்தை லேசாகத் தூக்கிவிட்டான். மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டிய வண்ண விளக்குச் சரம் கூரையோரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்ததை மட்டும் அவன் கவனிக்கவில்லை.

இரண்டு படங்களும் ஒன்றாகப் போயின. வாரியத்தின் வரலாற்றிலேயே முதல்முறையாகச் சந்தேகப் பிரிவிலிருந்து கைதட்டல் கேட்டது. இயக்குநரே வராந்தாவுக்கு ஓடிவந்து ஸ்டுடியோவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பிரமாதம்! இந்தக் கரையிலயே முதல் வீடு!”

“கூரை வந்துடுமா சார்?”

“வந்துடுமாவா? வந்துடுச்சே!”

ஸ்டுடியோவுக்குப் புரியவில்லை. மேடம் இரண்டு படங்களையும் மேசைமேல் பரப்பினார். இடப்பக்கம் இடிந்த வீடு. வலப்பக்கம் ஓட்டுக் கூரை, பூந்தொட்டி, சிரிக்கிற அக்கா.

“இது முன். இது பின்” என்றார்.

“இல்ல மேடம், மாத்தி வெச்சிருக்கீங்க. கூரை இருக்கிறதுதான் முன் படம்.”

“கம்ப்யூட்டர்ல தேதி இருக்கே. இடிஞ்சது முந்தின நாள், எழும்பினது அடுத்த நாள். முந்தினது முன், பிந்தினது பின். இதுல என்ன குழப்பம்?”

“மேடம், முன் படத்தை நான் பின்னாலதான் செஞ்சேன். பின் படத்தை முன்னாலயே எடுத்துட்டேன்.”

மேடம் பூதக்கண்ணாடி வழியாக அவன் முகத்தைப் பார்த்தார். “முன்னுக்குப் பின் முரணா பேசுறீங்க.”

“சார், நீங்கதானே செய்யச் சொன்னீங்க!”

“விளக்குகூட எரியுதே” என்று இயக்குநர் கூரையோரத்தைக் காட்டினார். “கரண்டும் வந்துடுச்சு. நாம இதுக்கு ஒரு பைசா செலவழிக்கல. வெறுமனே போய்ப் பாத்தோம், அவ்வளவுதான். வீடு தானா எழுந்து நின்னுடுச்சு. பார்ப்பதே பாதி உதவின்னு எழுதி வெச்சோம். எனக்கே இப்போதான் தெரியுது, பார்ப்பதே முழு உதவி!” அவர் குரல் தழுதழுத்தது. கண்ணாடியைக் கழற்றத்தான் மறந்துவிட்டார்.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்கு வாரியத்தின் சாமான் பிரிவிலிருந்து ஒருவர் ஏணியோடு வந்தார். சீரமைக்கப்பட்ட வீட்டுக்குத் தார்ப்பாய் தேவையில்லையாம், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

“சீரமைச்சாச்சா? கொஞ்சம் மேல பாத்துட்டுப் பேசுங்க” என்றாள் அக்கா.

அவர் மேலே பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். இன்னொரு முறை மேலே பார்த்தார். அவர் முகத்தில் சந்தேகம் படர்ந்தது.

“படத்துல கூரை இருக்கு. இங்க இல்ல. கூரையைக் கழட்டி எங்க வெச்சிருக்கீங்க?”

அக்கா தன் வாழ்க்கையில் மறைக்காதது இல்லை. அத்தான் போன் பண்ணும்போது பசியை மறைத்திருக்கிறாள். கடைக்காரரிடம் நனைந்த துணியை மறைத்திருக்கிறாள். கூரையை மறைக்கிற அளவுக்கு அவளிடம் இடம் இருந்ததில்லை. வந்தவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தார். பூந்தொட்டியும் காணவில்லை என்றார். கடைசியில் தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கூரையைப் பழைய இடத்தில் திரும்ப வைக்காவிட்டால் அரசாங்க உதவியை ஒளித்துவைத்த குற்றத்துக்கு நடவடிக்கை வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்பார்களே, அது அக்கா வீட்டில் அன்றைக்கு நடந்தது.

ஸ்டுடியோ ஓடிவந்தபோது அவள் வெட்டவெளியில் உட்கார்ந்து சீருடைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஒரு மேகம் கருத்துக்கொண்டிருந்தது.

“உன்னை நான் கூரை வாங்கித் தரச் சொல்லல” என்றாள் நிமிராமல். “இருந்த பாயையும் தொலைக்கச் சொல்லல. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நீயும் அவங்களோட சேந்துட்டியாடா?”

ஊரே சந்தேகப்பட்டது அவனுக்கு வலிக்கவில்லை. இவள் கேட்டது வலித்தது. “இல்லக்கா” என்றான். நம்பினாளா இல்லையா என்று அவள் முகத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வாரியம் ‘எழுந்து நிற்கும் கரை’ என்று ஒரு கண்காட்சி வைத்தது. குளிரூட்டிய மண்டபம். நடுச்சுவர் முழுக்க அடைத்துக்கொண்டு, அக்கா வீட்டின் பின் படம் பெரிய பிளக்ஸ் பேனராகத் தொங்கியது. சிவப்பு ஓடுகள் ஒவ்வொன்றும் தலையணை அளவு இருந்தன. பயனடைந்தவர் என்ற முறையில் அக்காவை வேன் வைத்து அழைத்து வந்து பேனருக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

“லேசா சிரிங்கம்மா” என்றார் இயக்குநர்.

அக்கா அண்ணாந்து பேனரைப் பார்த்தாள். “இந்த வீட்ல யார் சார் இருக்காங்க?”

“நீங்கதாம்மா இருக்கீங்க.”

“அப்போ கதவைத் திறந்து என்னை உள்ள விடச் சொல்லுங்க. வெளியில மழை இருட்டிக்கிட்டு வருது.”

கூடியிருந்தவர்கள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். ஸ்டுடியோவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தான்.

“எல்லாரும் கேளுங்க. அது நிஜம் இல்ல. நான் கம்ப்யூட்டர்ல செஞ்சது. அந்தக் கூரை ஒரு கல்யாண வீட்டுக் கூரை. எங்க அக்கா வீட்டுக்குக் கூரையே கிடையாது.”

மேடம் எழுந்தார்.

“கூரை இல்லைங்கிறதுக்கு ஆதாரம்?”

“வந்து பாருங்க!”

“நாங்க படவாரியம். வீட்டை எல்லாம் போய்ப் பாக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்ல. படம் இருந்தா குடுங்க.”

“இதோ இருக்கு, இன்னிக்குக் காலையில எடுத்தது.”

மேடம் அதை வாங்கக்கூட இல்லை. “கம்ப்யூட்டர்ல படம் மாத்துவேன்னு நீங்களே இப்போ எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டீங்க. அப்படிப்பட்டவர் எடுத்த படத்தை நாங்க எப்படி நம்புறது?”

நியாயம்தான் என்று பலர் தலையாட்டினார்கள். இயக்குநர் மைக்கை மெதுவாக அவன் கையிலிருந்து விடுவித்தார். “கலைஞர்கள் உணர்ச்சிவசப்படுவாங்க. ஆனா கேள்வி அது இல்ல. வாரியம் குடுத்த கூரை எங்கே? அதை இந்தம்மா இன்னும் சொல்லவே இல்லை.”

இவ்வளவு நேரமும் அக்கா பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் அதன் கீழ் முனையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். துணியை எடை போடுகிற மாதிரி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். தையல்காரியின் கைக்குப் பொய் தெரியாது, கனம் தெரியும்.

“கூரை எங்கன்னுதானே சார் கேக்குறீங்க? இதோ இருக்கே. உங்க சுவத்துல.”

“என்ன?”

“இது என் வீட்டுக் கூரைன்னு நீங்கதானே சொல்றீங்க? நான் கழட்டி ஒளிச்சு வெச்சதா சொன்னாங்க. நான் ஒளிக்கல, நீங்கதான் கொண்டுவந்து மாட்டியிருக்கீங்க. குடுங்க. எடுத்துட்டுப் போய் இருந்த இடத்துல வெச்சுடுறேன்.”

இயக்குநர் மேடத்தைப் பார்த்தார். மேடம் பூதக்கண்ணாடியோடு பேனரில் முகம் உரசும் அளவுக்கு நெருங்கினார். அது அக்காவின் கூரை இல்லை என்றால் படம் பொய். அக்காவின் கூரைதான் என்றால், காணாமல் போன பொருள் வாரியத்தின் வசமே இருக்கிறது. அவர் பல சந்தேகங்களைப் பார்த்தவர். தன் பக்கமே திரும்பி நிற்கிற சந்தேகத்தை அன்றைக்குத்தான் பார்த்தார்.

“கூரை அகப்பட்டுடுச்சு சார். ஒப்படைச்சுடலாம்” என்றார் கடைசியில்.

உடனே அது கூரை ஒப்படைப்பு விழாவாக மாறியது. பேனரை இறக்கிச் சுருட்டி, நாடா கட்டி, நான்கு பேர் தூக்கிக் கொடுத்தார்கள். “உலகத்திலேயே சுருட்டிக் கையில குடுக்கக்கூடிய முதல் கூரை!” என்று இயக்குநர் முழங்கினார். அவர் கொடுக்கிற மாதிரியும் அக்கா வாங்குகிற மாதிரியும் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அக்கா யாரும் சொல்லாமலே லேசாகச் சிரித்திருந்தாள். ஏன் என்று சந்தேகப் பிரிவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று மாலையே அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். பேனரின் ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டாள். கயிறு கோக்கிற துளைகளுக்குக் கெட்டித்துணி வைத்துத் தைத்தாள். ஸ்டுடியோ மிதி மிதியென்று மிஷினை மிதித்துக் கொடுத்தான். பிறகு இருவரும் வலைக்காரப் பெரியவரையும் பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக்கொண்டு, கம்புகளின்மேல் அதை இழுத்துக் கட்டினார்கள். பெரியவர் போட்ட முடிச்சு, புயலே வந்தாலும் யோசிக்கும்.

உத்தரவு நிறைவேறியதா என்று சரிபார்க்க வாரியம் ஒரு ட்ரோனை அனுப்பியது. அது தேனீயைப் போல ரீங்கரித்துக்கொண்டு வீட்டுக்கு மேலே வட்டமிட்டுப் படம் எடுத்துப் போனது. மேடம் அந்தப் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். சிவப்பு ஓடு இருந்தது. விளக்கு எரிந்தது. கூரையின் நடுவில் ஒரு கதவும், கதவுக்குப் பக்கத்தில் ஒரு பூந்தொட்டியும், ஒரு பெண்ணின் சிரித்த முகமும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன.

“கூரைமேல எதுக்குப் பூந்தொட்டி?” என்று கேட்டார்.

“கண்காட்சிப் படத்துலயும் இருந்துச்சே மேடம்” என்றார் உதவியாளர்.

மேடம் இரண்டையும் ஒப்பிட்டார். ஒரு இலைகூடக் குறையவில்லை. ‘படத்தில் உள்ளபடியே வீடு உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வரியோடு அக்காவின் பெயர் பாதிக்கப்பட்டோர் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீங்கியது. மற்ற வீடுகளுக்கும் இதே முறையில் கூரை வழங்க ஸ்டுடியோவுக்கு உத்தரவு வந்தது.

உத்தரவை எடுத்துக்கொண்டு அவன் அக்கா வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பேனர்மேல் தடதடவென்று கொட்டியது. உள்ளே பகல் வெளிச்சம் ஓடுகளின் நிறத்தில் சிவப்பாக இறங்கியிருந்தது. மிஷின் இருந்த இடத்தில் ஒரு சொட்டு விழவில்லை. தைத்து முடித்த சீருடைகள் காய்ந்த கட்டாகப் பலகைமேல் இருந்தன. தனக்கு வந்தது சந்தோஷமா, அவமானமா என்று ஸ்டுடியோவுக்கே தெரியவில்லை. உத்தரவை அக்காவிடம் நீட்டினான்.

“எல்லா வீட்டுக்கும் படம் செஞ்சு பேனரா அடிச்சுத் தரணுமாம்க்கா. நான் போறதா இல்ல. வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்.”

அக்கா மிஷினை நிறுத்தினாள். ஊசியிலிருந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுப்புப் பக்கம் கைகாட்டினாள். அங்கே மட்டும் பேனர் எட்டாமல் ஒரு முழம் வானம் தெரிந்தது. அதன் கீழே வைத்த சட்டியில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

“விடாதடா” என்றாள். “நம்ம பெரியவர் வீட்டுக்கு எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் பெரிசா எடு. மிஞ்சுற துண்டு எனக்கு. அடுப்புப் பக்கம் ஒழுகுது.”